பல நாட்டு மண்ணில் ஒரு கல்லூரி

தோற்றுவாய்

ஒரு கல்லூரிக்கு ஓர் ஊர், ஒரு வளாகம் என்பதே நாம் அறிந்த வழக்கம். ஊரின் பெயரோடு சேர்ந்தே கல்லூரியின் பெயரும் வழங்கும். ஆனால் வேல்சு நாட்டில் ஒரு கடற்கரைக் கோட்டை, கனடாவில் ஒரு விரிகுடாக் கரை, தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் ஒரு மலைச்சரிவு, நம் புனே நகருக்கு அப்பால் ஒரு குன்று எனப் பல நாடுகளில் வளாகங்களைக் கொண்டு, எல்லாவற்றிற்கும் ஒரே குறிக்கோளை வைத்து நடத்தப்படும் கல்லூரியும் உலகில் உண்டு. 'யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ்' என்பது அதன் பெயர். தமிழில் 'ஒன்றுபட்ட உலகக் கல்லூரிகள்' எனலாம். 1962-ஆம் ஆண்டில் ஒரே வளாகத்துடன் தொடங்கிய அந்த முயற்சி இன்று 18 வளாகங்களாக விரிந்துள்ளது.

முதலில் ஒரு விளக்கம். கல்லூரி என்ற சொல்லைக் கேட்டதும் பட்டப்படிப்பு நம் நினைவிற்கு வரும். இங்கே பொருள் வேறு. பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள மாணவர்கள் பல்கலைக்கழகம் புகுமுன் படிக்கும் ஈராண்டுப் படிப்பே இக்கல்லூரிகளின் அடிப்படை. நம் பழைய புகுமுக வகுப்போடும் இன்றைய மேல்நிலை வகுப்புகளோடும் இதனை ஒப்பிடலாம். ஒவ்வொரு வளாகத்திற்கும் தனி ஆட்சிக்குழு உண்டு. கொள்கையும் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பொதுவானவை.

வரலாற்றுத் துறை மாணவன் என்ற முறையில் இக்கல்லூரியின் வரலாற்றைப் படித்தபோது, அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கேள்விகள் எழுவதைக் கண்டேன். யாரை யாருக்குப் பக்கத்தில் அமர்த்துவது என்பது முதல் கேள்வி. அது யார் செலவில் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் கைவிளக்காகக் கொண்டு அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

வித்திட்டவர்

இக்கல்லூரிக்கு வித்திட்டவர் கர்ட் ஹான் என்னும் செருமானியக் கல்வியாளர். 1886-ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரின் முடிவில் செருமனியின் தலைமை அமைச்சராக இருந்த இளவரசர் மாக்சிடம் செயலாளராகப் பணியாற்றினார். போரில் தோற்ற நாட்டின் இளைஞர்களை நல்ல குடிமக்களாக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1920-ல் அவ்விளவரசரின் மாளிகையிலேயே சாலெம் என்ற பள்ளியைத் தொடங்கினார். பெயர் நம் சேலத்தை நினைவூட்டினாலும் இரண்டிற்கும் தொடர்பில்லை.

1932-ல் இட்லரின் கட்சிப் படையினர் ஓர் இளம் தொழிலாளியை அவன் தாயின் கண்ணெதிரே அடித்துக் கொன்றனர். கொலையாளிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது இட்லர் அவர்களை ஆதரித்துத் தந்தி அனுப்பினார். ஹான் வாளாவிருக்கவில்லை. தம் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். சாலெமா, இட்லரா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். 1933-ல் அவர் சிறைப்பட்டார். பிரிட்டனில் இருந்த நண்பர்களின் முயற்சியால் விடுதலை பெற்று அந்நாட்டிற்குச் சென்றார். 1934-ல் சுகாத்துலாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். பின்னாளில் எடின்பரோ கோமகனாக விளங்கிய பிலிப், சாலெம் பள்ளியிலும், பின் கார்டன்ஸ்டனில் ஹானிடமும் பயின்றவர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-ல், வேல்சின் அபர்டோவி என்னும் கடற்கரையில் இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்கும் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி உருவாக ஹான் காரணமாக இருந்தார். பகை அமைப்பால் மட்டும் ஒழியாது. ஆபத்தில் இருக்கும் மற்றோர் உயிரைக் காக்கச் சேர்ந்து உழைப்பவர்கள் தம் வேற்றுமைகளை மறப்பார்கள் என்பது அவர் கொண்ட உறுதி. பிற்காலக் கல்லூரியின் கரு இதுவே.

கடற்கரைக் கோட்டை

1955-ல் பாரிசில் இருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரியில் உரையாற்ற ஹான் அழைக்கப்பட்டார். பத்தாண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் படை அதிகாரிகள், அங்கே ஒரே வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டனர். முதிர்ந்த அதிகாரிகளுக்கு இது கைகூடுமானால், மனம் இறுகிப்போகாத இளைஞர்களுக்கு ஏன் கைகூடாது என்று அவர் சிந்தித்தார். அக்கல்லூரியின் தலைவராக இருந்த விமானப்படைத் தளபதி லாரன்ஸ் டார்வால் அவருக்குத் துணை நின்றார்.

எண்ணம் இருந்தது, இடம் வேண்டுமே! வேல்சின் தென்கரையில் செயின்ட் டோனட்ஸ் என்னும் பழங்கோட்டை இருந்தது. அமெரிக்கப் பத்திரிகைக் கோமான் வில்லியம் ராண்டால்ப் ஹெர்ஸ்ட் 1925-ல் அதை விலைக்கு வாங்கிப் பெரும் பொருள் செலவில் அழகுபடுத்தி வைத்திருந்தார். ஏடன் துறைமுகத்தில் வாணிகம் செய்து பொருளீட்டிய குடும்பத்தைச் சேர்ந்த அன்டோனின் பெஸ் அதனை 1960-ல் வாங்கிக் கல்லூரிக்கு நன்கொடையாக அளித்தார். ஒரு செல்வர் விருந்துக்கென வைத்திருந்த கோட்டை இவ்வாறு மாணவர் விடுதியானது.

1962 செப்டம்பரில் 'அட்லாண்டிக் கல்லூரி' என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. முதலாண்டில் சேர்ந்தவர் 56 பேர், அவர்கள் 12 நாடுகளிலிருந்து வந்தவர்கள், அனைவரும் ஆண்கள். கடற்படை அதிகாரியாக இருந்த டெஸ்மண்ட் ஹோர் முதல் தலைமையாசிரியர். 1967-ல் மாணவியரும் சேர்க்கப்பட்டனர். நாட்டு வேற்றுமையைக் கடக்க எண்ணிய ஒரு கல்லூரி பெண்களுக்குக் கதவு திறக்க ஐந்தாண்டு எடுத்துக்கொண்டது என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் செய்த படகு

ஹானின் கொள்கைப்படி, அங்கே படிப்போடு தொண்டும் பாடமாயிற்று. கல்லூரியைத் தொட்டடுத்துள்ள கடற்பகுதி நீரோட்டமும் பாறையும் மிக்கது. எனவே கடலில் தவிப்போரைக் காப்பது மாணவர்களின் கடமைகளுள் ஒன்றாக அமைந்தது. காற்றடைத்த ரப்பர்ப் படகுகளைக் கூழாங்கல் கரையில் இழுக்கும்போது அவற்றின் அடித்துணி தேய்ந்து கிழிந்தது. ஹோரும் மாணவர்களும் அடியில் ஒட்டுப்பலகையைப் பொருத்திப் பார்த்தனர். பல மாதிரிகள் செய்து, குறைகளைக் களைந்து, அடிப்பகுதி கெட்டியாகவும் சுற்றுப்பகுதி காற்றுக் குழாயாகவும் உள்ள புதுவகைப் படகை உருவாக்கினர். அதன் காப்புரிமை பிரிட்டனின் உயிர்காப்புப் படகுத் தொண்டு நிறுவனத்திற்கு 1 பவுனுக்கு வழங்கப்பட்டது. 1972-ல் அந்நிறுவனம் பணியில் இறக்கிய படகுக்கு 'அட்லாண்டிக் 21' என்று கல்லூரியின் பெயரையே சூட்டியது. இன்று உலகெங்கும் கடற்காவற்படைகளும் மீட்புப் படைகளும் பயன்படுத்தும் இவ்வகைப் படகின் பிறப்பிடம் ஒரு மாணவர் பட்டறை!

இதனை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நாட்டு மாணவனிடம் இன்னொரு நாட்டு மாணவனைப் பற்றி நூறு சொற்பொழிவு நிகழ்த்தலாம். இருவரும் ஒரே படகின் இருபுறமும் நின்று அதனை அலைக்குள் தள்ளும்போது நிகழ்வது வேறு. மற்றவன் கை தளர்ந்தால் தன் உயிருக்கும் ஆபத்து என்பதை அவன் உடம்பே அறிந்துகொள்கிறது.

ஒன்று பலவானது

ஒரு வளாகம் போதாது என்ற எண்ணம் விரைவிலேயே தோன்றியது. இந்தியாவின் கடைசி வைசிராயும் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரலுமாகிய மவுண்ட்பேட்டன் 1960-களின் பிற்பகுதியில் இவ்வியக்கத்தின் தலைமையை ஏற்றார். பல நாட்டுத் தலைவர்களிடம் ஆதரவு திரட்டினார். அட்லாண்டிக் பெருங்கடலின் பெயரை மட்டும் தாங்கிய கல்லூரி, 'ஒன்றுபட்ட உலகம்' என்ற விரிந்த பெயரைப் பெற்றது அக்காலத்தில்தான்.

சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிசுப் படைகள் வெளியேறியபோது, படையினரின் பிள்ளைகள் படித்த பள்ளிக் கட்டடம் காலியாயிற்று. 1971-ல் அங்கே ஒரு பன்னாட்டுப் பள்ளி தொடங்கியது. தலைமை அமைச்சர் லீ குவான் யூ அதனைத் திறந்து வைத்தார். 1975 முதல் அது தென்கிழக்காசிய ஒன்றுபட்ட உலகக் கல்லூரி என வழங்கலாயிற்று. 1974-ல் கனடாவின் வான்கூவர்த் தீவில் ஒரு வளாகம் எழுந்தது. சூயசு நெருக்கடியில் ஐ.நா. அமைதிப்படை அமையக் காரணமாகி 1957-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற லெஸ்டர் பியர்சனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

பல நாட்டு மாணவர்களுக்குப் பாடத்திட்டம் எது என்பது அடுத்த சிக்கல். பிரிட்டிசுத் தேர்வில் தேறியவனைப் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டுமே! 1968-ல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட பன்னாட்டு பக்கலோரியா அமைப்பு இதற்கு விடை தந்தது. ஆறு பாடங்கள், அறிவு எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றிய ஒரு பயிற்சி, மாணவரே ஆய்ந்து எழுதும் ஒரு நீண்ட கட்டுரை, வகுப்பறைக்கு வெளியே தொண்டு என அமைந்தது அப்படிப்பு. 1971-ல் அட்லாண்டிக் கல்லூரி தன் நாட்டுப் பாடத்திட்டத்தை முற்றிலும் விடுத்து இதனையே ஏற்றது.

நிறச்சுவருக்கு அப்பால்

இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலம். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிக் கல்வி, தாழ்ந்த கல்வி என்பது 1953-ஆம் ஆண்டுச் சட்டம். அந்நாட்டில் ஆசிரியராக இருந்த மைக்கேல் ஸ்டெர்ன் என்னும் ஆங்கிலேயர், எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளியை அங்கே நடத்த இயலாது எனக் கண்டு, எல்லையைத் தாண்டி சுவாசிலாந்துக்குச் சென்றார். 2018 முதல் எசுவாத்தினி என்று பெயர் பெற்றுள்ள நாடு அது. 1963-ல் தலைநகர் இம்பபானேயை அடுத்த மலைமேல் 16 மாணவர்களுடன் வாட்டர்போர்டு பள்ளியைத் தொடங்கினார். அரசர் இரண்டாம் சொபூசா அதற்கு 'கம்லாபா' என்ற பெயரை அளித்தார். இன, சமய வேறுபாடின்றி நாம் அனைவரும் இம்மண்ணைச் சேர்ந்தோர் என்னும் கருத்தை உட்கொண்ட பெயர் அது.

அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்ட அதே 1962-ல்தான் நெல்சன் மண்டேலா கைது செய்யப்பட்டார். அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய மகள்கள் செனானியும் சிந்சியும் வாட்டர்போர்டில் படித்தனர். தந்தையின் நாடு மறுத்த இருக்கையை அண்டை நாட்டு மலைப்பள்ளி தந்தது. 1981-ல் வாட்டர்போர்டு ஒன்றுபட்ட உலகக் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. 1995-ல் மண்டேலாவே ஜோர்டான் அரசி நூருடன் இவ்வியக்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சிறையில் இருந்தபோது தம் பிள்ளைகளை ஏற்ற கல்விக்கு, நாட்டின் அதிபரான பின் அவர் தோள்கொடுத்தார்.

எல்லைக்கோட்டு ஊர்கள்

1982-ல் இரண்டு வளாகங்கள் தோன்றின. ஒன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மாண்டசூமா என்னுமிடத்தில் அமைந்தது. மற்றொன்று இத்தாலியில் திரியெஸ்தே நகரையடுத்த துயினோவில் அமைந்தது. துயினோவிலிருந்து அன்றைய யூகோசுலாவிய எல்லை மிக அண்மை. கிழக்கும் மேற்கும் இரு முகாம்களாக நின்ற அந்நாளில், இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் கல்லூரி வைத்தது ஆழ்ந்த எண்ணத்துடன்தான். பின்னர் 1992-ல் ஆங்காங்கிலும், 1995-ல் நார்வேயிலும் வளாகங்கள் எழுந்தன. நார்வே வளாகத்திற்கு அருகிலேயே ஒரு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உண்டு. அங்கே பணிசெய்வது மாணவர் வாழ்வின் ஒரு பகுதி.

1997-ல் நம் நாட்டில், புனேக்கு அப்பால் முல்சிப் பள்ளத்தாக்கில், மகிந்திரா குடும்பத்தாரின் கொடையால் ஒரு வளாகம் உருவாயிற்று.

ஆனால் துயினோவின் அண்டை நாடாகிய யூகோசுலாவியா 1991-ல் உடையத் தொடங்கிப் பெரும் போரில் சிதறியது. ஒரு கல்லூரி அதனைத் தடுத்துவிடவில்லை, தடுத்திருக்கவும் இயலாது. போரில் மிகக் கொடிய அடிபட்ட ஊர்களுள் ஒன்று மோஸ்தார். ஆற்றின் மேல் துருக்கியர் காலத்தில் கட்டப்பட்ட புகழ்பெற்ற கற்பாலம் 1993-ல் பீரங்கிக் குண்டுகளால் தகர்ந்து நீரில் விழுந்தது. 2004-ல் பாலத்தைத் திரும்பக் கட்டினர். மனங்களுக்கிடையே பாலம் அத்தனை எளிதில் எழவில்லை. குரோவாசியப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், போசுனியாக் பிள்ளைகளுக்கு வேறு பாடத்திட்டம் எனப் பிரிவு நீடித்தது. இருசாராரும் தனித்தனியே படிக்கும் பழைய உயர்பள்ளிக் கட்டடத்திற்குள்ளேயே 2006-ல் ஒன்றுபட்ட உலகக் கல்லூரி தன் வகுப்புகளைத் தொடங்கியது. அங்கே அவ்விருசாராரின் பிள்ளைகளும், செர்பியப் பிள்ளைகளும், வெளிநாட்டு மாணவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். அமைதியான ஊரில் அமைதிக் கல்லூரி நடத்துவது எளிது. குண்டுத்துளை ஆறாத சுவர்களுக்கு நடுவே நடத்துவதே அதன் உரைகல்.

யார் செலவில்?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். செல்வர் பிள்ளைகள் மட்டும் பல நாடுகளிலிருந்து வந்து கூடினால், அது பல நாட்டுச் செல்வர் கூட்டமே ஆகும். ஒன்றுபட்ட உலகம் ஆகாது. இதை உணர்ந்தே, நாடுதோறும் தேசியக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் அத்தகைய ஏற்பாடு உண்டு. பழைய மாணவர்களும் தன்னார்வலர்களும் விண்ணப்பங்களைப் பார்த்து, நேரில் கண்டு தேர்ந்தெடுக்கின்றனர். தகுதி முதலில், பணம் பின்னர் என்பது கொள்கை. கட்டணத்தில் எவ்வளவு செலுத்த முடியுமோ அவ்வளவே குடும்பம் செலுத்தும். எஞ்சியதை உதவித்தொகை ஈடுசெய்யும்.

இக்கொள்கையின் பயனாக அரிய காட்சிகள் நிகழ்ந்துள்ளன. இன்றைய நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் 1985-ல் அட்லாண்டிக் கல்லூரியில் படிப்பை முடித்தவர். இசுபானியப் பட்டத்து இளவரசி லியனோர் 2021 முதல் 2023 வரை அங்கே படித்தார். அதே கல்லூரி மரபில் அகதிகளின் பிள்ளைகளும் படிக்கின்றனர். ஓர் அறையில் நால்வர், நால்வரும் வெவ்வேறு நாட்டவர் என்பது பல வளாகங்களில் நிலவும் வழக்கம்.

ஆனால் கொள்கையும் கணக்கேடும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உதவித்தொகை என்பது கொடையாளரின் கையை எதிர்பார்ப்பது. கொடை குறைந்தால் கட்டணம் செலுத்தக்கூடியவருக்கு இடம் பெருகும். சிங்கப்பூர் வளாகம் மழலையர் வகுப்பு முதலே நடத்தும் மிகப் பெரிய பள்ளியாக வளர்ந்துள்ளது. அங்கே பெரும்பாலோர் கட்டணம் செலுத்தும் பிள்ளைகள். உதவித்தொகையில் வருவோர் அவர்களோடு சேர்ந்து படிக்கின்றனர். மாறாக, வெனிசுவேலாவில் 1980-களில் உருவான சிமோன் பொலிவார் வேளாண் கல்லூரியைப் பாருங்கள். சிற்றூர்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பண்ணைத் தொழிலும் நிருவாகமும் கற்பித்தது அது. 2012-ல் அது இவ்வியக்கத்திலிருந்து நீங்கிவிட்டது. ஏர் பிடிக்கும் கைக்கு நேராகக் கல்வி தந்த வளாகம் நிலைக்கவில்லை. நகரத்து வளாகங்கள் நிலைத்தன. இந்த உண்மையை ஒளிக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை.

நமக்கு இதில் என்ன?

இவ்வளவு தொலைவில் உள்ள கல்லூரியைப் பற்றி அரசு கலைக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். என் விடை இது.

அவர்கள் கொடையாளரைத் தேடி ஆண்டுதோறும் அலைந்து செய்ய முயல்வதில் பாதியை, நம் அரசு கலைக் கல்லூரி பொதுப்பணத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. இட ஒதுக்கீட்டுச் சட்டமும் குறைந்த கட்டணமும் சேர்ந்து, கூலித் தொழிலாளியின் மகளையும் கடைக்காரரின் மகனையும், மலையூர் மாணவனையும் கடற்கரை மாணவியையும் ஒரே வருகைப் பதிவேட்டில் சேர்த்துள்ளன. யாரை யாருக்குப் பக்கத்தில் அமர்த்துவது, யார் செலவில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இங்கே சட்டம் விடை சொல்லிவிட்டது. இது சிறிய செயலன்று.

எஞ்சிய பாதிதான் நம் கையில் உள்ளது. பதிவேட்டில் அடுத்தடுத்த எண்ணில் இருக்கும் இருவர், மூன்றாண்டுகளில் மூன்று முறைகூடப் பேசாமல் பட்டம் பெற்றுச் செல்வது உண்டா, இல்லையா? உணவு இடைவேளையில் மரத்தடியில் கூடும் வட்டங்கள் ஊர்வாரியாகவும், சில வேளைகளில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் வேறொரு கணக்கின்படியும் அமைவதை நாம் அனைவரும் அறிவோம். ஒரே கூரையின் கீழ் இரு பாடத்திட்டம் நடந்த மோஸ்தாரைக் கண்டு வியக்கும் நாம், ஒரே வகுப்பறைக்குள் நான்கு வட்டங்கள் இருப்பதைக் கண்டு வியப்பதில்லை. பழகிவிட்டது.

அட்லாண்டிக் கல்லூரியின் படகு நமக்குச் சொல்வது, பக்கத்தில் அமர்த்தினால் மட்டும் போதாது. சேர்ந்து தள்ளுவதற்கு ஒரு படகும் வேண்டும் என்பதே. அத்தகைய படகு நம்மிடம் இல்லாமல் இல்லை. காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. அதன் சிறப்பு முகாமில் ஒரே பாயில் படுத்து, ஒரே வாளியில் சோறு பரிமாறி, ஒரே வாய்க்காலைத் தூர்வாரியவர்கள், முகாமுக்குப் பின் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே வேறு.

முடிவுரை

எனவே ஆசிரியப் பெருமக்களின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைத்து என் கட்டுரையை முடிக்கிறேன். விடுதியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறை ஒதுக்கும்போது, ஓர் அறையில் ஒரே ஊரார் சேராதவாறு கலந்து ஒதுக்கலாம். நலப்பணி முகாமில் குழுக்களைப் பிரிக்கும்போது, நண்பர்கள் தாமாகவே சேர்ந்துகொள்ள விடாமல் பதிவெண் வரிசையில் குழு அமைக்கலாம். இவற்றிற்கு ஒரு காசும் செலவில்லை, அரசாணையும் தேவையில்லை.

கர்ட் ஹான் 1974-ல் மறைந்தார். தாம் விரும்பியபடி போரில்லா உலகத்தை அவர் கண்டுவிடவில்லை. ஆனால் பகைவரின் பிள்ளைகள் நண்பர்களாகச் சேர்ந்து படகு தள்ளுவதைக் கண்டார். அந்த அளவு நாமும் காணலாம். அதற்குக் கோட்டை வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டின் அறைப்பட்டியல் ஒன்று போதும்.